ஓர் ஊருக்கு எத்தனை பெயர்?

கயத்தாறு என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழர்களுக்கு நினைவு வருவது ஒரு புளியமரம். 1799-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனைக் கும்பினிப் படையின் மேஜர் பானர்மன் அங்கேதான் தூக்கிலிடச் செய்தான். திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில், பருத்தியும் கம்பும் விளைகிற வானம் பார்த்த பூமியில் இருக்கும் அந்த ஊரின் பெயர் சரித்திரத்தில் நிலைத்துவிட்டது. ஆனால் எந்தப் பெயர் நிலைத்தது என்று கேட்டால் பதில் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

எழுத்தில் கயத்தாறு, பேச்சில் கயத்தார். ஆங்கிலத்தில் எழுதியவர்களோ அவரவர் காதுக்கு எட்டியபடி எழுதினார்கள். ஊர் இருக்கும் ஜில்லாவின் பெயரும் ஒரே நிலையில் இருந்ததில்லை. முதலில் வெள்ளைக்காரன் நாக்கில் புரண்ட ‘டின்னவெல்லி’, பிறகு திருநெல்வேலி, 1986-ல் அதைப் பிரித்தபோது சிதம்பரனார் மாவட்டம், பின்னர் தூத்துக்குடி மாவட்டம். ஊர் நகரவே இல்லை, முகவரிதான் நகர்ந்துகொண்டிருந்தது.

ஊருக்கே இப்படி என்றால் மனிதர்களைப் பற்றிக் கேட்பானேன்? கட்டபொம்மு, கட்டபொம்மு நாயக்கர், வீரபாண்டிய கட்டபொம்மன் என்று தமிழிலேயே பல வடிவங்கள். அவர் தம்பி ஊமைத்துரையின் கதை இன்னும் வேடிக்கை. அந்தக் காலத்தில் பாளையக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயர் 1830-ல் தம் நினைவுகளை வெளியிட்டார். அதில் அந்த வீரனை வெள்ளைக்காரர்கள் ஒரு பெயராலும், முஸ்லிம்கள் ஒரு பெயராலும், இந்துக்கள் ஒரு பெயராலும் அழைத்ததாகச் சொல்கிறார். மூன்றுக்கும் ஊமை என்பதே பொருள்.

சரித்திரம் எழுதுகிறவனுக்கு மட்டும்தான் இது தொல்லை என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. கரிசல் காட்டிலிருந்து ஒரு பையன் முதன்முதலாகச் சர்வகலாசாலைப் படிப்புக்குப் போகிறான். தன் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க நூல் நிலையத்துக்குள் நுழைகிறான். பட்டியலில் ‘கயத்தாறு’ என்று தேடுகிறான். இரண்டு புத்தகங்கள் கிடைக்கின்றன. அவ்வளவுதான் போலிருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறான். மற்றப் புத்தகங்கள் வேறொரு பெயரின் கீழ், அடுத்த பெட்டியிலேயே தூங்கிக்கொண்டிருக்கின்றன. பட்டியலில் அகப்படாத புத்தகம் அலமாரியில் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதல்ல. லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருந்த லட்சக்கணக்கான நூல்களுக்குப் பட்டியல் தயாரிக்க முனைந்தபோது, இத்தாலியிலிருந்து அரசியல் அகதியாக வந்திருந்த பானிஸ்ஸி என்பவர் 1841-ல் 91 விதிகளை வகுத்தார். புத்தகத்தின் பெயரை ஏட்டில் பார்த்து எழுதுவதற்கு 91 விதிகளா என்று கற்றவர்களே கேலி செய்தார்கள். 1847-ல் மியூஸியத்தின் நிர்வாகத்தை விசாரிக்க ஒரு ராஜாங்கக் குழு அமைந்தது. அதன் முன் பானிஸ்ஸி தம் விதிகளுக்காக வாதாட வேண்டியதாயிற்று. பல கைகள் எழுதும் பட்டியல் ஒரு கை எழுதியது போல இருக்க வேண்டும் என்பதே அவருடைய கட்சி. அது வென்றது.

நம் நாட்டில் அந்தக் கட்சியை எடுத்து, அதைவிட வெகு தூரம் கொண்டுசென்றவர் சீர்காழிக்காரர் ஒருவர். சென்னை மாகாணக் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் நூல் நிலையத் தலைவரானார். ஆரம்பத்தில் அந்த உத்தியோகத்தில் அவருக்கு மனம் பொருந்தவில்லை. கல்லூரிக்கே திரும்பிவிட எண்ணினார். ஆனால் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று, நூற்றுக்கு மேற்பட்ட நூல் நிலையங்களைச் சுற்றிப் பார்த்து 1925-ல் திரும்பியபோது வேறு மனிதராக வந்தார். 1931-ல் நூல் நிலையத்துக்குரிய ஐந்து விதிகள், 1933-ல் நூல்களை வகைப்படுத்தும் கோலன் முறை, 1934-ல் பட்டியல் எழுதுவதற்கான விதித்தொகுப்பு என்று அடுத்தடுத்து வெளியிட்டார்.

அந்த விதித்தொகுப்பில் நம்முடைய பெயர்களுக்கு அவர் செய்த நியாயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேல்நாட்டான் பெயரில் கடைசிச் சொல் குடும்பப் பெயர். பட்டியலில் அதை முதலில் எழுதுவது அவர்கள் வழக்கம். அதை அப்படியே நம்மவர்மீது சுமத்தினால் என்ன ஆகும்? சி. பி. ராமசாமி ஐயர் ‘ஐயர்’ என்ற தலைப்பில் போய் விழுவார். அந்தத் தலைப்பில் எத்தனை ஐயர்கள்! முதலியார்களும் பிள்ளைகளும் அப்படியே. மனிதனைத் தேடப் போனால் ஜாதிதான் அகப்படும். ஆகவே தென்னாட்டுப் பெயரின் கடைசியில் ஜாதிச் சொல் வந்தால், அதற்கு முந்திய சொந்தப் பெயரோடு சேர்த்து இயல்பான வரிசையிலேயே எழுத வேண்டும் என்று ரங்கநாதன் விதித்தார். ராமசாமி ஐயரை ‘ரா’விலேயே காணலாம்.

பட்டியல் எழுதுகிறவனுக்கு எதிரே இருக்கும் சங்கடங்கள் இரண்டே. ஒன்று, கயத்தாறு போல ஒரு பொருளுக்குப் பல பெயர். மற்றொன்று, ராமசாமி போல ஒரு பெயருக்குப் பல ஆட்கள். இரண்டாவதற்குக் கிராமத்தார் எப்போதோ வழி கண்டிருக்கிறார்கள். மேலத்தெரு ராமசாமி, வண்டிக்கார ராமசாமி என்று பிரித்துவிடுவார்கள். முதலாவதற்கு ஒரு பெயரை நிலையாக வைத்துக்கொண்டு, மற்றப் பெயர்களின் கீழ் ‘அங்கே காண்க’ என்று கைகாட்டி நட வேண்டும். எந்தப் பெயரை நிலையாக வைப்பது? தேடுகிறவன் எந்தப் பெயரை நினைத்துக்கொண்டு வருவானோ அதை. ரங்கநாதனின் பட்டியல் நியதிகளில் இதுவும் ஒன்று. ஒருமுறை முடிவு செய்ததை எல்லாப் பதிவுகளிலும் மாறாமல் காப்பது இன்னொன்று.

இதெல்லாம் அட்டைப் பெட்டிக் காலத்துக் கதை, இப்போது கம்ப்யூட்டர் தேடிக் கொடுத்துவிடாதா என்று கேட்கலாம். கம்ப்யூட்டர் எழுத்துக்களைத் தேடும்; மனிதர்களையும் ஊர்களையும் அதற்குத் தெரியாது. இரண்டு பெயரும் ஒன்றே என்று யாராவது ஒருவர் முன்னதாகச் சொல்லி வைத்திருக்க வேண்டும். இதற்காகவே 2003-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூல் நிலையமும் ஜெர்மன் தேசிய நூல் நிலையமும் இன்னொரு நிறுவனத்தோடு கைகோத்து, தங்கள் பெயர்ப் பட்டியல்களை இணைக்கத் தொடங்கின. பெயர் விஷயத்தில் அவசரமும் உதவாது. 2020-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது; ஆட்சேபங்கள் எழ, அந்த மாதத்திலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இன்று சர்வகலாசாலை நூல் நிலையத்தின் வாசற்படி அதன் இணையதளம்தான். அதை ஒரு கை எழுதுவதில்லை. பிரிவுக்கு ஒருவராகப் பலர் எழுதுகிறார்கள். ஒரு பக்கத்தில் ‘நூல் வழங்குதல்’ என்றும், இன்னொன்றில் ‘இரவல்’ என்றும், மூன்றாவதில் ‘சுழற்சிப் பிரிவு’ என்றும் இருந்தால், புதிதாக வருகிறவன் மூன்று வேறு இடங்கள் என்றுதான் நினைப்பான். முதல் பக்கத்தில் மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும் என்று இருந்து, உள்பக்கத்தில் எட்டு மணி என்று இருந்தால், பஸ் பிடித்து வந்தவன் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவான். முதல் வரியை எழுதுவதற்கு முன்பே சில தீர்மானங்கள் வேண்டும்: எதற்கு என்ன பெயர், எந்தச் செய்தியை எந்த ஓர் இடத்தில் மட்டும் முழுமையாக எழுதி மற்ற இடங்களில் கைகாட்டுவது, திருத்தும் பொறுப்பு யாருடையது. ரங்கநாதன் அட்டைகளுக்குச் செய்தது இதுதான்.

இதைக் குமாஸ்தாத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம். பேராசிரியருக்கு நூல் நிலையத்தில் தெரிந்தவர் இருப்பார். ஒரு வார்த்தை சொன்னால் புத்தகம் மேஜைக்கு வரும். கேட்கக் கூச்சப்பட்டு, யாரையும் தெரியாமல் வாசலில் நிற்கிறானே அந்தப் பையன், அவனுக்குப் பட்டியலைத் தவிர வேறு சிபாரிசு கிடையாது. விதி ஒழுங்காக இருந்தால் அவனும் பேராசிரியரும் ஒரே வேளையில் ஒரே அலமாரியின் முன் போய் நிற்பார்கள். விதி தளர்ந்தால் தெரிந்தவர்களுக்கு ஒரு நூல் நிலையம், தெரியாதவர்களுக்கு ஒரு நூல் நிலையம் என்று ஆகிவிடும்.

கட்டபொம்மனுக்குத் தூக்குமேடையான ஊரைப் பற்றிப் பிறர் எழுதியதை அந்த ஊர்ப் பிள்ளை படிக்க வேண்டும். படித்துவிட்டுத் தானும் எழுத வேண்டும். அதற்கு முதலில் அவன் தேடுகிற பெயரில் அவனுடைய ஊர் அவனுக்குக் கிடைக்க வேண்டும்.