கலங்கரை விளக்கங்களும் நம் முன்னோர் வந்த கடல்வழியும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் எங்கே போகலாம் என்ற பேச்சு எல்லா வீட்டிலும் எழும். சிலர் கேமரன் மலைக்குப் போவார்கள். சிலர் பத்துமலைக்குப் போவார்கள். நானும் என் வீட்டுக்காரரும் கலங்கரை விளக்கம் பார்க்கப் போவோம். "கடலோரத்துல ஒரு தூண் நிக்குது, அதைப் போயி என்னத்த டீச்சர் பார்க்கறது?" என்று தோட்டத்தில் என்னைக் கேட்டவர் பலர். அவர்களுக்குப் பதில் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் பெயரைப் பார்ப்போம். கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமே, அதே சொல்தான். கலங்களை அழைக்கும் விளக்கே கலங்கரை விளக்கம். பெரும்பாணாற்றுப்படையிலும் சிலப்பதிகாரத்திலும் இதைப் பற்றிய பேச்சு உண்டு. ஆகவே, இது வெள்ளைக்காரர் வந்து நமக்குக் காட்டிய புதுமை அன்று. ஆயினும், மலேசிய, சிங்கப்பூர்க் கரைகளில் நாம் காணும் பழைய கோபுரங்கள் ஆங்கிலேயர் தங்கள் வாணிபக் கப்பல்களுக்காக எழுப்பியவையே.

என் வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் பிட்டராக வேலை செய்கிறார். கோபுரத்தை நெருங்கியதும் நான் கட்டிய ஆண்டைத் தேடுவேன். அவர் தலையை அண்ணாந்து விளக்கைத் தேடுவார். "வெளக்கு சின்னதுதான் டீச்சர், சூட்சுமம் எல்லாம் கண்ணாடியிலதான்" என்று எனக்கே பாடம் நடத்துவார். அவர் சொல்வது உண்மைதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெனெல் என்ற பிரெஞ்சு அறிஞர், பட்டை தீட்டிய கண்ணாடி வளையங்களை அடுக்கி ஒரு வில்லையை உருவாக்கினார. நாலாபுறமும் சிதறும் ஒளியை அது ஒன்றுதிரட்டிக் கடலை நோக்கி அனுப்பியது. அதனால் எண்ணெய் விளக்கின் ஒளிகூடப் பல மைல் தூரம் தெரிந்தது. மேலும், ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு கணக்கில் மின்னும். அந்தக் கணக்கை எண்ணிப் பார்த்தே மாலுமி தாம் இருக்கும் இடத்தை அறிந்துகொள்வார்.

இனி, நாங்கள் போய்ப் பார்த்த சில இடங்களைச் சொல்கிறேன்.

தஞ்சோங் துவான்

போர்ட்டிக்சனுக்கு அருகே, காட்டுப் பாதையில் கொஞ்ச தூரம் ஏறினால் இந்த விளக்கைக் காணலாம். மாணவர்களே, ஒரு வேடிக்கை கேளுங்கள். சுற்றியுள்ள நிலமெல்லாம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது; இந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்கு உரியது! மலாக்காவை 1511இல் பிடித்த போர்த்துகீசியர் இந்த இடத்துக்குக் 'காபோ ரச்சாடோ' என்று பெயர் வைத்தார்கள். பிளவுபட்ட முனை என்பது அதன் பொருள். 1606இல் இதன் எதிரே உள்ள கடலில் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் மோதினார்கள். டச்சுக்காரரின் நசாவ், மிடல்பர்க் என்ற இரு கப்பல்கள் மூழ்கிப்போயின. இன்று நிற்கும் கோபுரம் ஆங்கிலேயர் காலத்தில், 1863இல் கட்டப்பட்டது. கோபுரத்தின் கதவு எல்லா நாளும் திறந்திருக்காது. ஆனால் அந்த மேட்டில் நின்று மலாக்கா நீரிணையில் போகும் கப்பல்களை எண்ணினாலே பொழுது போய்விடும்.

கோலசிலாங்கூர்

புக்கிட் மலாவாத்தியில் குரங்குகளுக்குத் தீனி போட்டுவிட்டுத் திரும்பி வருபவர்களே, அடுத்த முறை அங்குள்ள வெள்ளைக் கோபுரத்தையும் பாருங்கள். 1784இல் டச்சுக்காரர் இக்கோட்டையைக் கைப்பற்றித் தங்கள் ஆளுநர் நாயகம் ஆல்டிங்கின் பெயரைச் சூட்டினார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் கோட்டையை மீட்டுக்கொண்டார். ஆனாலும் 1907இல் ஆங்கிலேயர் கட்டிய விளக்குக்கு ஆல்டிங்ஸ்பர்க் என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஓராண்டுகூட முழுதாய் ஆளாதவர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது பாருங்கள்!

பெயர் இல்லாத கைகள்

சிங்கப்பூருக்குத் தெற்கே சாத்துமு என்ற சிறு தீவில் ராபிள்ஸ் கலங்கரை விளக்கம் இருக்கிறது. பொதுமக்கள் நினைத்தபோது அங்கே போய் இறங்க முடியாது. எனவே, நாங்கள் இருவரும் படித்தே இதை அறிந்தோம். 1854 மே 24இல் அடிக்கல் நாட்டினார்கள். 1855 டிசம்பர் 1இல் விளக்கு ஏற்றினார்கள். கருங்கல் ஊபின் தீவிலிருந்து வந்தது. அந்தக் கல்லை வெட்டவும் கோபுரத்தை எழுப்பவும் பாடுபட்டவர்களில் இந்தியக் கைதிகளும் உண்டு.

1825 முதல் 1873 வரை வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் சிங்கப்பூரில் சாலை போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம்கூட அவர்கள் உழைப்புதான். ராபிள்ஸ் பெயரில் விளக்கு இருக்கிறது. கல் உடைத்தவர் பெயரில் ஒரு விளக்கும் இல்லை. இதை வாசித்த அன்று என் வீட்டுக்காரர், "நம்ம ஆலையிலயும் பலகையில எழுதியிருக்கிறது தெறந்து வச்சவர் பேருதானே!" என்றார். பெயர் பொறித்த கல்லை மட்டும் படித்தால் பாதி வரலாறுதான் கிடைக்கும். மீதிப் பாதியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்மவர் கண்ட ஒளி

அந்த மீதிப் பாதியை எங்களுக்குச் சொன்னவர் என் வீட்டுக்காரரின் அப்பாயி. இப்போது அவர் இல்லை. 1937இல் ஏழு வயதுச் சிறுமியாக, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர் அவர். "ராத்திரியில தூரத்து மலை மேல ஒரு வெளக்கு மின்னி மின்னித் தெரிஞ்சிச்சு. அதைப் பார்த்ததும் பெரியவங்க எல்லாம் எழுந்து மூட்டையைக் கட்ட ஆரம்பிச்சிட்டாங்க" என்பார். அது என்ன விளக்கு என்று அவருக்குத் தெரியாது.

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் உள்ள மூக்கா முனை விளக்காகத்தான் அது இருக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. வங்கக் கடலைக் கடந்து பினாங்குக்கு வரும் கப்பல் அந்தப் பக்கமாகத்தான் வரும். 1869இல் சூயெஸ் கால்வாய் திறந்தபின் இந்தக் கடலில் நீராவிக் கப்பல்கள் பெருகின. 1883இல் இவ்விளக்கு எழுந்தது. கோபுரத்தின் உயரம் 14 மீட்டர்தான். ஆனால், அது நிற்கும் குன்று 200 மீட்டருக்கும் மேல் உயரமானது. தெலுக் பாஹாங்கில் உள்ள தேசியப் பூங்காவின் வழியே நடந்து, மூச்சு வாங்க ஏறிப் போய் அதைப் பார்த்தோம்.

ரஜூலா 1926இல் கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் எத்தனை ஆயிரம்! கங்காணிகள் திரட்டி வந்த ஆள் வரவு 1938இல் இந்திய அரசு விதித்த தடையால் நின்றது. அதற்கு முன் வந்தவர்கள் பலர், ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டு, அதன் பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் வெட்டிய பால்மரக் காடுகளில் பல இன்று செம்பனையாகவும் வீட்டு நிலமாகவும் மாறிவிட்டன. அவர்கள் குடியிருந்த லயங்களும் பல இடங்களில் இல்லை. ஆனால் மூக்கா முனையின் கோபுரம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பெற்றோர்களே! இந்தப் பொழுதுபோக்குக்குச் செலவு அதிகமில்லை. பெட்ரோல், ஒரு பொட்டலம் புளிச்சோறு, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு காரியத்தைத் தேடிப் போகும்போது வீட்டில் பேச்சுக்கும் பஞ்சமிருக்காது. எங்களுக்கு இது அனுபவம்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒரு விடுமுறை வேலை தருகிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள மிக மூத்தவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் குடும்பத்தில் முதலில் வந்தவர் யார்? எந்தக் கப்பலில் வந்தார்? எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்? பதிலை அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். விளக்குக் கோபுரம் இன்னும் நூறு ஆண்டு நிற்கும். பெரியவர்கள் அப்படி அல்லர். ஆகையால், அடுத்த விடுமுறைவரை காத்திருக்காமல் இன்று மாலையே போய்க் கேளுங்கள்.