ஒரு தாயின் கோடைக்காலங்கள்: கிருபாபாய் சத்தியநாதன் வாழ்வும் திருச்சபையின் நினைவும்

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குக் கோடைக்காலம் பயணக் காலமாகும். அறுவடை முடிந்து, பள்ளிகள் மூடப்பெற்று, உறவினர் ஒருவரையொருவர் தேடிச் செல்லும் காலம் அது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலின் பெருந்திருவிழா இராமநவமியை ஒட்டி நடைபெறுகின்றது. வயலில் விளைந்த தானியத்தையும் வீட்டில் வளர்ந்த கால்நடைகளையும் காணிக்கையாகக் கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே வந்து கூடுவதை அப்பகுதியில் ஊழியஞ்செய்யும் ஆயர்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். கைக்குழந்தையை முதன்முறையாக வெளியூருக்கு எடுத்துச் செல்லும் இளந்தாயர் பலரை அக்கூட்டத்தில் காணலாம். குழந்தையின் முதற்பயணம், முதற்சோறு, முதற்சொல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு தாயின் நினைவில் மைல்கல்லாக நிற்பதாகும். அத்தகைய காலத்திலேயே இழப்பும் வந்து சேருமாயின், அவளுடைய வரலாற்றை யார் எழுதுவார்? திருச்சபை அதனை எவ்வாறு நினைவிற்கொள்ளும்? இவ்வினாக்களை முன்வைத்து, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவத் தாயின் வாழ்வை நாம் இங்கு ஆராய்வோம்.

பிறப்பும் கல்வியும்

கிருபாபாய் 1862ஆம் ஆண்டு அகமத்நகரில் பிறந்தார். தந்தை ஹரிபந்த் கிஸ்தி, தாய் ராதாபாய். பம்பாய் மாகாணத்தில் பிராமண குலத்திலிருந்து முதன்முதலாகக் கிறிஸ்தவ நெறியைத் தழுவியவர்களுள் இவர்கள் அடங்குவர். கிருபாபாய் சிறுமியாயிருந்தபோதே தந்தையார் மறைந்தார். அதன்பின் அவருக்கு அறிவூட்டியவர் அண்ணன் பாஸ்கர். நூல்களின்மீதும் இயற்கையின்மீதும் தங்கைக்கு ஆர்வத்தை எழுப்பிய அந்த அண்ணனும் இளமையிலேயே காலமானார். ஆகவே, இழப்பு என்பது அவர் தாயாகும் முன்னரே அவருக்கு அறிமுகமான ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது.

மருத்துவம் பயிலவேண்டும் என்னும் விருப்பத்தோடு அவர் 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரி பெண்களுக்குத் தன் கதவைத் திறந்தது 1875ஆம் ஆண்டிலேயாகும். கிருபாபாய் படிப்பிற் சிறந்து விளங்கினார். எனினும் உடல்நலம் இடங்கொடுக்கவில்லை. படிப்பைத் தொடர முடியாமற் போயிற்று. சென்னையில் அவர் தங்கியிருந்த இல்லம் அருட்திரு வில்லியம் தாமஸ் சத்தியநாதனுடையது. அவ்வில்லத் தலைவி அன்னாள் அம்மையார், தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் தமிழ்க் குருக்களுள் ஒருவரான ஜான் தேவசகாயத்தின் மகள். சென்னையில் பெண்கள் பள்ளிகளையும், வீடுகளுக்குட் சென்று பெண்களுக்குக் கற்பிக்கும் ஜெனானா ஊழியத்தையும் வளர்த்த அவர், பிள்ளை வளர்ப்பைப்பற்றி ‘நல்ல தாய்’ என்னும் சிறுநூலைத் தமிழில் எழுதியவருமாவார். அவருடைய மகன் சாமுவேல் சத்தியநாதன் கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பியவர். சாமுவேலுக்கும் கிருபாபாய்க்கும் 1880களின் தொடக்கத்தில் திருமணம் நிகழ்ந்தது.

மலைக்குச் சென்ற பயணங்கள்

திருமணத்திற்குப் பின் தம்பதியர் உதகமண்டலம் சென்றனர். அங்குள்ள பிரீக்ஸ் நினைவுப் பள்ளிக்குச் சாமுவேல் தலைமையாசிரியராக நியமிக்கப்பெற்றார். இன்று நாம் மலை இரயிலிற் செல்லும் பயணத்தை அக்காலத்திற்குப் பொருத்திப் பார்த்தல் தவறாகும். இரயில்பாதை மேட்டுப்பாளையம்வரை 1873இல் வந்திருந்தது. ஆனால் குன்னூருக்கு மலை இரயில் 1899இலும், உதகைக்கு 1908இலுமே சென்றடைந்தது. கிருபாபாயின் காலத்தில் அடிவாரத்திலிருந்து குதிரைவண்டியிலோ மாட்டுவண்டியிலோ பல்லக்கிலோதான் மலையேறவேண்டும்.

உதகையில் அவர் வாளாவிருக்கவில்லை. சர்ச் மிஷனெரி சங்கத்தாரின் உதவியுடன் இஸ்லாமியச் சிறுமியருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அங்கே வாழும் தொதவர் குடியிருப்புகளைக் கண்டு வந்து, ‘ஓர் இந்தியப் பெண்மணி’ என்னும் புனைபெயரில் அதுபற்றிக் கட்டுரை வரைந்தார். அவருடைய எழுத்துப்பணி அங்கேயே தொடங்கிற்று எனலாம்.

மலைவாசம் நோயைக் குணமாக்கும் என்பது அக்கால நம்பிக்கை. கிருபாபாயைப் பற்றியிருந்தது காசநோய். அதற்குக் காரணமான கிருமியை இராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் உலகுக்கு அறிவித்தார். காரணம் தெரிந்ததேயன்றி மருந்து கிட்டவில்லை. மருந்து வர மேலும் அறுபது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. ஆகவே நல்ல காற்று, ஓய்வு, இடமாற்றம் என்பனவே மருத்துவர் கூறக்கூடியவையாயிருந்தன. கணவரின் அரசுப்பணியோ வேறுவகை இடமாற்றங்களைத் தந்தது. 1884இல் இராஜமுந்திரி, பின்பு கும்பகோணம், 1886இல் மீண்டும் சென்னை எனக் குடும்பம் இடம்பெயர்ந்தது. இராஜமுந்திரியில் அவர் உடல்நலம் குன்றியது. கும்பகோணமோ, கொள்ளிடத்திற்கு வடக்கே அரியலூர்ச் சீமையைப் பார்த்தவாறு அமைந்த காவிரிக் கரை நகரம்.

குழந்தையும் இழப்பும்

சென்னையில் 1887-88ஆம் ஆண்டுகளில் ‘சகுணா’ என்னும் அவருடைய தன்வரலாற்று நாவல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வெளிவந்தது. அவர் வாழ்வின் பெரிய மைல்கற்கள் இரண்டு அக்காலத்திலேயே அருகருகே நின்றன. ஒன்று, எழுத்தாளர் என்னும் புகழ், மற்றொன்று தாய்மை. ஆனால் அக்குழந்தை முதலாண்டு நிறைவைக் காணவில்லை. அவருக்குப் பிறந்தது அந்த ஒரே குழந்தைதான்.

துயரம் அவரை மிக ஆழமாகத் தாக்கிற்று. மனச்சோர்வுக்கு மருத்துவம் தேடவேண்டிய நிலை உண்டாயிற்று. பின்பு காசநோய் மீண்டும் தலைகாட்டியது. பம்பாயில் அவரைச் சோதித்த மருத்துவர் அது தீராதென்று கூறிவிட்டனர். 1890இல் மாமியார் அன்னாள் அம்மையாரும், 1892இல் மாமனாரும் காலமாயினர். நோயோடிருந்த நிலையிலும் அவர் தம் மாமியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ‘கமலா’ என்னும் இரண்டாம் நாவலையும் எழுதி முடித்தார். 1894ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், முப்பத்திரண்டாம் வயதில், அவர் மறைந்தார். அவர் நினைவாகச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கென உதவித்தொகை ஒன்று நிறுவப்பெற்றது. இரு நாவல்களும் பின்னர்த் தமிழாக்கம் பெற்றன.

ஒரே வரியிற் சொல்லப்பட்ட துயரம்

மேற்கண்ட வரலாறு நமக்குப் புதிதன்று. இந்தியப் பெண்களுள் ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முன்னோடி என்று இலக்கிய வரலாற்றாசிரியர் அவரைப் போற்றுவர். மனமாறிய குடும்பத்தின் நற்கனி என்று திருச்சபை வரலாற்றாசிரியர் போற்றுவர். இவ்விரு சாராரும் குழந்தையின் மரணத்தைப் பெரும்பாலும் ஒரே வரியிற் கூறி அப்பாற் செல்கின்றனர். அந்த ஒரு வரி ஏன் அவ்வளவு குறுகியது என்று கேட்பது வரலாற்று மாணாக்கரின் கடமையாகும்.

முதற்காரணம், அத்தகைய மரணம் மிகப் பொதுவாயிருந்தமை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுங்கூட இந்தியாவிற் பிறந்த ஆயிரங் குழந்தைகளில் இருநூறுக்கும் மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. இன்று தமிழ்நாட்டில் அவ்வெண்ணிக்கை இருபதுக்கும் கீழாகக் குறைந்துள்ளது. ஐந்து வீடுகளில் ஒரு வீடு என்னும் கணக்கில் தொட்டில் வெறுமையான காலத்தில், ஒரு குழந்தையின் மரணம் தனிச்செய்தியாகக் கருதப்படவில்லை. ஆனால் பொதுவான துயரம் சிறிய துயரமாகிவிடுவதில்லை. படிப்பும் புகழும் வாய்ந்த இப்பெண்மணி அதனாற் சாய்ந்துபோனதே அதற்குச் சான்றாகும்.

இரண்டாவது காரணம், நம்முடைய வாழ்க்கை வரலாற்று மரபு. மிஷனெரிக் காலத்து நினைவு நூல்கள் பெரும்பாலும் பிறர் பக்திவிருத்திக்கென எழுதப்பட்டவை. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இல் பெண்கள் பள்ளி நிறுவிய ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் 1833 சனவரியில் காலமானார். அவர் கணவர் மைரன் வின்ஸ்லோ 1835இல் அவருடைய நினைவு நூலை வெளியிட்டார். அவ்வம்மையாரும் பிள்ளைகளை இழந்தவரே. இத்தகைய நூல்களில் தாயின் அழுகை விரைவிலேயே ஒப்புக்கொடுத்தலாக மாறிவிடும். மாறவேண்டும் என்று வாசகரும் எதிர்பார்த்தனர். ஒப்புக்கொடுத்தல் பொய்யென்று நாம் கூறவில்லை. ஆனால் அழுகைக்கும் ஒப்புக்கொடுத்தலுக்கும் இடையே கழிந்த நாட்கள் அந்நூல்களில் இடம்பெறுவது அரிது. ஆயர் ஊழியம் நடைபெறுவதோ அந்த நாட்களிலேயாகும்.

‘கமலா’ காட்டும் வழி

தம் சாவு அண்மையிலுள்ளது என்று அறிந்தபின் கிருபாபாய் எழுதிய நாவலின் தலைவி ஓர் இந்துப் பெண். கமலா தன் கணவனை இழக்கிறாள். தன் குழந்தையையும் இழக்கிறாள். மறுமண வாய்ப்பு வந்தபோது அதனை ஏற்காமல், ஏழைகளுக்கும் துன்புறுவோர்க்கும் பணிசெய்வதில் தன் வாழ்வைச் செலவிடுகிறாள். நாவல் புனைவே, அதனை ஆசிரியரின் நாட்குறிப்பாகக் கொள்ளல் முறையன்று. ஆயினும் ஒன்று கவனிக்கற்பாலது. குழந்தையை இழந்த ஒரு கிறிஸ்தவத் தாய், அந்தத் துயரத்தைத் தம் மதத்தவரின் வீட்டில் மட்டும் வைத்துப் பேசவில்லை. அயலாளின் வீட்டில் வைத்துப் பேசினார். அவ்வயலாளை மதம் மாற்றிக் கதையை முடிக்கவுமில்லை. துயரத்தில் அவள் தமக்கு உடன்பிறந்தாள் என்று கண்டு எழுதினார் என்றே நாம் இதனைப் பொருள்கொள்கிறோம்.

இது அருட்பணி இறையியலுக்கு ஒரு பாடம். திருவிழாவுக்குக் குழந்தையோடு வந்த தாயும், திருமுழுக்குக்குக் குழந்தையோடு வந்த தாயும் தொட்டிலருகே ஒரே அச்சத்தோடு விழித்திருப்பவர்களே. அயலாரோடு உரையாடல் என்பது கோட்பாடுகளைக்கொண்டு மாத்திரம் தொடங்கவேண்டுவதில்லை. இந்த விழிப்பிலிருந்தும் தொடங்கலாம்.

சூனேமியாளும் தீர்க்கதரிசியும்

இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் கூறப்படும் சூனேமியாளின் வரலாறும் ஓர் அறுவடைக் காலத்து வரலாறே. அறுப்பறுக்கிறவர்களிடத்திலிருந்த தகப்பனிடம் சென்ற சிறுவன் தலைநோவால் வருந்துகிறான். தாயின் மடியில் நண்பகல்வரை இருந்து இறந்துபோகிறான். தாய் கழுதையின்மேலேறித் தீர்க்கதரிசியிடம் விரைகிறாள். அவள் அவர் பாதங்களைப் பற்றிக்கொள்ளும்போது கேயாசி அவளை அப்புறப்படுத்த முனைகிறான். எலிசாவோ அவனைத் தடுத்து, அவள் உள்ளம் கசந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, ஆண்டவர் இதனைத் தமக்கு மறைத்துவிட்டார் என்று ஒப்புக்கொள்கிறார்.

அச்சிறுவன் மீண்டும் உயிர்பெற்றான். நம் சபைகளில் அடக்கம்பண்ணப்படும் குழந்தைகள் அவ்வாறு எழும்புவதில்லை. ஆகவே அற்புதத்தைப்பற்றி மாத்திரம் பிரசங்கித்தால் அத்தாயின் புண்ணை நாமே கிளறியவர்களாவோம். அற்புதத்திற்கு முன் தீர்க்கதரிசி செய்தவை எல்லா ஆயர்களாலும் செய்யக்கூடியவை. அவர் அவளைத் தள்ளவில்லை. காரணம் தெரிந்தவர்போற் பேசவில்லை. அவள் விடாமற் பற்றிக்கொண்டபோது எழுந்து அவளோடு சென்றார். கேயாசியின் கையிலிருந்த கோலோ குழந்தைக்கு எப்பயனும் தரவில்லை. ஆயத்தமாக வைத்திருக்கும் ஆறுதல் வசனங்களை ஆளனுப்பித் தெரிவிக்கும் ஊழியத்திற்கு அக்கோல் ஓர் எச்சரிப்பாகும்.

நமக்குரிய பணி

கிருபாபாயின் நோய் பிற்காலத்தில் வெல்லப்பட்ட வரலாற்றிலும் தென்னாட்டுக்குப் பங்குண்டு. திருச்சபைகள் ஒன்றுசேர்ந்து மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையை 1915இல் நிறுவின. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டால் ஏழை நோயாளி தன் வீட்டிலிருந்தே மருத்துவமனையிலுள்ளவருக்கு ஒப்பாகக் குணமடையலாம் என்று 1959இல் நிலைநாட்டிற்று. நலந்தேடித் தாய் தன் வீட்டைப் பிரிந்து மலைக்கும் தொலைநகருக்கும் செல்லவேண்டிய கட்டாயம் அதனால் நீங்கிற்று. மருத்துவம் தாயை வீட்டிலேயே தேடிச்சென்றது. ஆயர் ஊழியமும் அவ்வாறே செல்லவேண்டும்.

எனவே இறையியல் மாணாக்கருக்கு நாம் இரண்டு பணிகளைப் பரிந்துரைக்கிறோம். ஒன்று, தம் சபைகளின் பழைய திருமுழுக்குப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் அருகருகே வைத்து வாசித்தல். முதலாவதில் காணப்படும் பெயர் எத்தனை திங்களுக்குள் இரண்டாவதிலும் காணப்படுகிறது என்று நோக்கினால், எந்தப் பிரசங்கத்திலும் சொல்லப்படாத சபை வரலாறு புலப்படும். மற்றொன்று, குழந்தையை இழந்த தாயை அடக்க ஆராதனை நாளிலன்றி, அதற்கடுத்த கோடையிலும், குழந்தைக்கு ஓராண்டு நிறைந்திருக்கவேண்டிய நாளிலும் சென்று காணல். அந்நாளை அவள் மறப்பதில்லை. அவள் ஆயரும் மறவாதிருப்பாராக.