இருளில் வழிகாட்டுவோர்

பொருட்காட்சிசாலை என்னும் சொல்லிலேயே ‘காட்சி’ அடங்கியிருக்கிறது. கண்ணுக்கு விருந்தளிக்கவென்றே அமைந்த அவ்விடத்தில் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டுப் பார்வையற்றோரையே வழிகாட்டிகளாக நிறுத்தினால் எவ்வாறிருக்கும்? 1988-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் இம்முயற்சி உருப்பெற்றது.

இதன் வரலாறு வானொலி நிலையமொன்றில் தொடங்குகிறது என்பது நேயர்களுக்கு உவப்பளிக்கலாம். 1980-களில் அங்கே பணிபுரிந்த ஆந்த்ரேயாஸ் ஹைனெக்கே என்பவரிடம், கார் விபத்தில் பார்வையிழந்த இளம் பத்திரிகையாளர் ஒருவரை மீண்டும் பணிக்குப் பழக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இரக்கத்தோடு அணுகிய ஹைனெக்கேயை அவ்விளைஞரின் ஊக்கமும் அறிவுக்கூர்மையும் வியப்பிலாழ்த்தின. குறை அவரிடத்தில் இல்லை. அவரைப் பற்றித் தாம் கொண்டிருந்த எண்ணத்திலேயே இருந்தது என உணர்ந்தார். மனிதர் மனிதரை நேர்நின்று சந்திப்பதே மெய்யறிவுக்கு வழி என்று கருதிய தத்துவஞானி மார்ட்டின் பூபரின் சிந்தனையும் அவருக்குத் துணைநின்றது. ஆகவே தமது காட்சிக்கு ‘இருளில் உரையாடல்’ எனப் பெயரிட்டார்.

சிறு குழுவாக வருவோர் ஒளிவிடும் பொருள்களையெல்லாம் வெளியே வைத்துவிட்டு, வெண்கோல் ஏந்தி உள்ளே செல்கின்றனர். பூங்கா, தெரு, சந்தை போன்ற அமைப்புகளை ஓசையாலும் மணத்தாலும் தொடுகையாலும் மட்டுமே அறிய வேண்டும். சில நிமிடங்களில் துணிவுள்ளவரும் தடுமாறுகிறார். ‘இப்படி வாருங்கள்’ என்னும் வழிகாட்டியின் குரலே அவருக்குப் பற்றுக்கோடு. இறுதியில், இருளிலேயே அமைந்த சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்து அவ்வழிகாட்டியுடன் மனம்விட்டு உரையாடுகின்றனர்.

சிறிது நேர இருளால் பார்வையின்மையை அறிய இயலுமா என வினவுவோர் உளர். இயலாதுதான். திடீரென இருளில் விடப்பட்டவர் அறிவது தமது திகைப்பையே. பல்லாண்டு பழகியவரின் திறமையை அன்று. கண்ணைக் கட்டிக்கொண்டு தனியே நடந்து பார்ப்பவர் பரிதாப உணர்ச்சியோடு மட்டுமே திரும்புவதும் இதனால்தான். இங்கேயோ அத்திறமை உடையவர் அருகிலேயே நடக்கிறார். அவர் உதவி வேண்டி நிற்பவரல்லர்; உழைத்து ஊதியம் பெறுபவர்.

2000-ஆம் ஆண்டில் ஹாம்பர்க் துறைமுக நகரின் பழைய கிடங்குப் பகுதியில் இதற்கு நிலையான இல்லம் அமைந்தது. 2011-இல் நம் நாட்டின் ஹைதராபாத்திலும் இக்காட்சி தொடங்கியது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதனைக் கண்டுள்ளன.

மொழி தெரியாத ஊரில் வந்திறங்கி, அவ்வூரார் ஒருவரின் குரலைப் பின்பற்றி வழிகண்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இருளில் ஒருவரை நம்பி நடப்பது அதைப் போன்றதே. வெளிச்சத்திற்கு வந்தபின், அவருக்கு நம் அலுவலகத்தில் ஓர் இருக்கை அளிக்க முன்வருகிறோமா என்பதே எஞ்சியிருக்கும் வினா.