நடிகனுக்குச் சோறு போட்டது யார்?

எங்க குமராட்சிப் பக்கம் கோயிலில் கூத்து வைத்தால் டிக்கெட் கிடையாது. ஊர் வரி போட்டுக் கூத்துக்காரர்களுக்குக் கொடுத்துவிடும். பார்க்கிறவர் செலவு இப்படித் தீர்ந்தது. கற்றுக்கொள்கிறவர் செலவு? அஞ்சாறு வருஷம் அவருக்குச் சோறு போடுவது யார்?

1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ஆறு வயது டி.கே. சண்முகம் அண்ணன்களோடு அதில் சேர்ந்தார். இந்த மாதிரி பாய்ஸ் கம்பெனிகளில் சாப்பாடு, தங்க இடம், பாட்டு, வசனப் பயிற்சி எல்லாம் கிடைக்கும். எம்.ஜி.ஆரைச் சின்ன வயசிலேயே இப்படி ஒரு கம்பெனிக்கு அனுப்பியது வீட்டு வறுமைதான். ஆனால் பள்ளிக்கூடம் போச்சு. குரல் உடைந்ததும் வேஷமும் போகலாம். இதைக் 'குருகுலம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

அடுத்து கூத்துப்பட்டறை. கொள்ளிடத்துக்குத் தெற்கே, புஞ்சை கிராமத்துக்காரரான ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கியது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் அங்கே நடிகர்களுக்குக் கூத்து சொல்லிக்கொடுத்தார். ஆரம்பத்தில் பகலெல்லாம் பிழைப்புக்கு ஒரு வேலை, சாயங்காலம் ஒத்திகை. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவி வந்த பிறகுதான் நடிகர்கள் சம்பளத்தோடு முழுநேரமும் பயிற்சி செய்ய முடிந்தது. (வெளிநாட்டுப் பணமா என்று அப்போதே முணுமுணுத்திருப்பார்கள், முணுமுணுத்தவர்கள் சோறு போட்டார்களா?) பசுபதி அங்கே வளர்ந்தவர்.

விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப் போனவர். நடிகர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். பணம் கட்டிச் சேர்ந்த மாணவர் இல்லை. கணக்குக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவர்.