கிழங்கு உண்ட காலமும் கணையக் கல்லும்



அண்மையில் மாணவர்களுடன் டோபி காட் சென்றிருந்தேன். சலவைத் தொழிலாளர்கள் ஓடைநீரில் துணி வெளுத்தமையால் பெயர் பெற்ற இடம் அது. 1939-இல் திறக்கப்பட்ட கேத்தே கட்டடத்தின் முகப்பு அங்கே இன்றும் நிற்கிறது. அங்கிருந்த அரங்கில்தான் 1943 அக்டோபர் 21 அன்று நேதாஜி தற்காலிகச் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். அக்காலத்தில் அரிசி கிடைக்காமல் மக்கள் மரவள்ளிக்கிழங்கு உண்டு உயிர் காத்தனர் என்றேன். அக்கிழங்கால் நோய் வந்ததா என ஒரு மாணவி வினவினாள். சிங்கப்பூரைப் பற்றி என்னால் விடை கூற இயலவில்லை. ஆயினும் அவ்வினாவை மருத்துவ உலகமே நெடுங்காலம் கேட்டுள்ளது.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசியின் வரவு நின்றது. சிங்கப்பூரைப் போலவே திருவிதாங்கூரும் கிழங்கை நம்பி வாழ்ந்தது. பிற்காலத்தில் அதே கேரளத்தில்தான் கணையக் கல் நோயாளிகள் பெருமளவில் கண்டறியப்பட்டனர்.

கணையம் செரிமான நீரையும் இன்சுலினையும் சுரக்கும் உறுப்பு. அச்செரிமான நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் கரைந்துள்ளன. உறுப்பு நலிவுற்றால் குழாய்களில் புரதம் கட்டியாகி, அதன்மேல் கால்சியம் கார்பனேட் படிந்து கல்லாகிறது. நாளடைவில் கணையம் சுருங்கி, இன்சுலின் குறைந்து, நீரிழிவு தோன்றுகிறது.

மேலைநாடுகளில் இது பெரும்பாலும் மது அருந்துவோரின் நோயாக அறியப்பட்டது. ஆனால் 1959-இல் சூய்டெமா என்னும் மருத்துவர் இந்தோனேசியாவில் உணவின்றி மெலிந்த ஏழைகளிடம் இதனைக் கண்டு எழுதினார். 1960-களில் கேரள மருத்துவர் கீவர்கீஸ் மதுவைத் தொடாத சிறுவரிடமும் இளைஞரிடமும் இதனை விரிவாகப் பதிவு செய்தார். குடியின் பழி அவர்கள்மேல் விழாதிருக்க இப்பதிவுகள் உதவின எனலாம்.

அடுத்து ஐயம் கிழங்கின்மேல் விழுந்தது. மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் உண்டு. அந்நஞ்சை முறிக்கக் கந்தகமுள்ள புரதம் உடலுக்கு வேண்டும். பசித்தவரிடம் அது குறைவு. இவ்வாதம் பொருத்தமாகவே தோன்றியது. எனினும் கிழங்கு மிகுதியாக உண்ணாத பகுதிகளிலும் இந்நோய் காணப்பட்டது. 2002 முதல் ஸ்பிங்க்1 என்னும் மரபணு மாற்றமும் இதனுடன் தொடர்புடையது எனத் தெரியவந்தது. ஆகவே கிழங்கை மட்டும் குற்றவாளியாக்க இயலாது.

இன்று நாம் பேசும் மன அழுத்தம் எப்படி? 1936-இல் ஹான்ஸ் செல்யே உடல் நெருக்கடிக்கு ஆளாகும் விதத்தை விளக்கினார். நெடுநாள் நெருக்கடியில் கார்டிசால் உயர்ந்து, இன்சுலினின் ஆற்றலைக் குறைத்து, சர்க்கரையைக் கூட்டும், இது உண்மை. ஆனால் கவலை மட்டுமே கணையத்தில் கல்லை உருவாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. பசி என்னும் நெருக்கடி வேறு, மனக்கவலை வேறு.

1985-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஊட்டக்குறை நீரிழிவைத் தனி வகையாக ஏற்றது. கணையக் கல்லால் வருவதும் அதனுள் அடங்கியிருந்தது. 1999-இல் அவ்வகையை நீக்கிவிட்டது. 2025-இல் அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பு ஊட்டக்குறையால் வரும் நீரிழிவை ஐந்தாம் வகையாக மீண்டும் ஏற்றுக்கொண்டது. ஏழைகளின் நோய்க்குப் பெயர் கிடைக்கவே இத்தனை ஆண்டுகள் ஆயின.

குடித்திருப்பான், கிழங்கு தின்றிருப்பான், கவலைப்பட்டிருப்பான் என நோயாளியைக் குறை கூறுவது எளிது. காரணத்தைத் தேடுவதுதான் கடினம். அந்த மாணவிக்கு அடுத்த வகுப்பில் இதையே கூறுவேன்.