ஈயச் சன்னமும் நல்லூர் வீழ்ச்சியும்

நல்லூர் இராசதானியின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசப் புகுந்தால், காக்கைவன்னியன் பெயர் உடனே நம் நாவில் வந்துவிடும். ஒருவன் காட்டிக் கொடுத்தான், சங்கிலியன் பிடிபட்டான், அரசு போயிற்று. யாழ்ப்பாண வைபவமாலை வழியாக வந்த இக்கதையைச் சிறு வயது முதலே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஒரு துரோகியின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மனம் ஆறுதல் அடைகிறது. ஆயினும் சரித்திரம் ஆறுதலுக்காகப் படிக்கப்படுவதன்று. ஆகவே, பறங்கியர் கையிலிருந்த துவக்கையும் அதனுள் இட்ட ஈயச் சன்னத்தையும் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

காரீயம் மெதுவான உலோகம். 327 பாகை வெப்பத்தில் உருகிவிடும். சிரட்டைக்கரி நெருப்பும் ஓர் இரும்புக் கரண்டியும் போதும். உருகிய ஈயத்தின் மேல் படரும் கசடை வழித்தெடுத்துவிட்டு, குறடு போல் இரண்டாகத் திறக்கும் அச்சினுள் ஊற்றுவர். அச்சு குளிர்ந்திருந்தால் சன்னத்தில் சுருக்கம் விழும். ஈரமாயிருந்தால் ஈயம் வெடித்துத் தெறிக்கும். ஆறியபின் ஊற்றுவாயில் நிற்கும் காம்பை வெட்டிவிட்டால் சன்னம் ஆயத்தம். ஓர் இறாத்தல் ஈயத்தில் எத்தனை சன்னம் என்பதைக் கொண்டே துவக்கின் அளவைக் குறிப்பதும் உண்டு. வேட்டைத் துவக்கைப் ‘பன்னிரண்டு போர்’ என்கிறோமே, அக்குழாய்க்கு அளவான ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் என்பதே அதன் பொருள்.

அக்காலத் துவக்குகளுக்கு வாய் வழியாகவே மருந்து இடுவர். அளந்த மருந்தைக் குழாயிற் கொட்டி, சன்னத்தை விட்டு, கந்தையோ கடதாசியோ திணித்து, நீண்ட கோலால் இடித்து இறுக்குவர். பின்பு பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்தில் சிறிது மருந்து தூவி, கனலும் திரியை அதிற் படவிடுவர். சன்னம் குழாயிலும் சற்றுச் சிறிதாகையால், நூறு யாருக்கு அப்பால் குறி தப்புவதே பெரும்பான்மை. மழை பெய்தால் திரி அணைந்துவிடும்.

இத்தொழிலில் நம்மவர் கைக்கு எட்டாத நுட்பம் ஏதுமில்லை. நம் கடற்றொழிலாளர் வலைக்கு ஈயம் கட்டுபவர்களே. சிங்களக் கொல்லர் செய்த துவக்குகளைப் போர்த்துக்கேயரே மெச்சியிருக்கின்றனர். அங்ஙனமாயின் நமக்குக் குறைந்தது யாது?

நமது குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். இங்கே ஈயத் தாதுவும் இல்லை, கந்தகமும் இல்லை. கண்டி இராச்சியத்தாருக்கு மலைக் குகைகளில் வெடியுப்பாவது கிடைத்தது. நமக்கோ சன்னமும் மருந்தும் கடல் கடந்தே வரவேண்டும். கடலை ஆள்பவன் எவனோ, அவனே நம் துவக்கையும் ஆள்பவன்.

இதற்குச் சரித்திரமே சாட்சி. 1560இல் கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா பெரும் படையுடன் வந்து நல்லூரைக் கைப்பற்றினான். ஆனால் மக்கள் கிளர்ந்தெழவே அங்கு நிலைக்க முடியாமற் பின்வாங்கினான். துவக்கு மாத்திரம் ஒரு நாட்டை வெல்லாது என்பது அன்றே விளங்கிற்று. எனினும் அவன் போகும் வழியில் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினான். நமது கடல்வாயிலில் அன்றே பூட்டு விழுந்தது. 1591இல் மீண்டும் படை வந்தது, அரசன் கொல்லப்பட்டான். 1617இல் அரசுரிமைப் பிணக்கில் நம்மவர் இரத்தத்தை நம்மவரே சிந்தினர். 1619இல் பிலிப்பு தெ ஒலிவேரா வந்தபோது தஞ்சை நாயக்கர் உதவிப் படை அனுப்பியும் அரசு மீளவில்லை. கடல் வழியே தப்ப முயன்ற சங்கிலி குமாரன் பிடிபட்டு, கோவாவிற் கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலும் இடிக்கப்பட்டது.

வென்றவரையும் அதே விதி விட்டுவைக்கவில்லை. 1658இல் ஒல்லாந்தர் முதலில் மன்னாரைப் பிடித்தனர். ஊர்காவற்றுறைக்கு எதிரேயுள்ள கடற்கோட்டையில் இருந்த போர்த்துக்கேயர் குடிதண்ணீர் இன்றிச் சரணடைந்தனர். யாழ்ப்பாணக் கோட்டையோ மூன்று மாதத்திற்கு மேல் முற்றுகையைத் தாங்கி, யூன் மாதத்தில் வீழ்ந்தது. படையோடு வந்த பல்தேயஸ் பாதிரியார் இப்போரைப் பின்னர் நூலில் எழுதிவைத்தார். போர்த்துக்கேயரிடம் துவக்கும் இருந்தது, மதிலும் இருந்தது. கடல் வழி உதவி மாத்திரம் வரவில்லை. அவர்களைக் காட்டிக் கொடுக்க எந்தக் காக்கைவன்னியன் வந்தான்?

துரோகம் நிகழவே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. ஒருவனுடைய துரோகத்தால் முற்றாக வீழ்ந்துவிடும் அரசு, அதற்கு முன்பே உள்ளே தளர்ந்திருக்கவேண்டும் என்றே சொல்லுகிறோம். வேண்டிய பொருளுக்கெல்லாம் பிறர் கப்பலைப் பார்த்திருந்ததும், தமக்குள்ளே பிணங்கியதுமே அத்தளர்ச்சி.

1990இல் அதே கோட்டை மீண்டும் முற்றுகை கண்டது. 1706இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் அப்போரில் அழிந்தது. அந்நாட்களில் உணவுக்கும் மருந்துக்கும் கப்பலை எதிர்பார்த்திருந்ததை நம் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். மருந்து என்னும் ஒரே சொல் துவக்குக்கும் நோயாளிக்கும் பொதுவாயிருப்பது நம் மொழியின் விந்தை!

சங்கத்து இளைஞராகிய நாம் துவக்கைத் தேட வேண்டியதில்லை. நம் மண்ணில் விளையக்கூடியதை விளைவிப்போம், நம் கையாற் செய்யக்கூடியதைச் செய்யப் பழகுவோம், பிணக்கை விடுவோம். அடுத்த முறை ஒருவர் காக்கைவன்னியன் கதையைச் சொல்லக் கேட்டால், மன்னார்க் கோட்டையின் கதையையும் அவருக்குச் சொல்லுவோம்.