பரம்பொருளும் ஆலய வழிபாடும்

மலேசியாவின் பேரா மாநிலத்து ஈப்போ நகரில் தமிழர் மிகுதியாக வாழும் பகுதி புந்தோங். தைப்பூச நாளில் அங்குள்ள மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகள் குனோங் சீரோ கல்லுமலை முருகன் கோயிலை நோக்கிச் செல்கின்றன. பரம்பொருள் சொல்லையும் நினைவையும் கடந்ததெனின், குடமும் காவடியும் சுமப்பார் வழிபாடு அதனைச் சென்றடையுமா? இவ்வினா புதியதன்று. தமிழ்நாட்டிற் பல நூற்றாண்டுகள் ஆராயப்பட்டதேயாகும்.

எட்டாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் சங்கரர், குணமற்ற பிரமம் ஒன்றே மெய் என்றார். வழிபடுவான், வழிபடப்படும் பொருள் என்னும் வேற்றுமை உலகியல் நிலையிலேயே உண்டு. முடிந்த ஞானத்தில் இல்லை. இக்கொள்கையில் ஆலய வழிபாடு மனத்தைத் தூய்மை செய்யும் படியாக அமைகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞான போதம் பன்னிரண்டே சூத்திரங்களைக் கொண்டது. அத்துவிதம் என்பதற்கு ஒன்று என்று பொருள் கொள்வதை அவர் மறுத்தார். ஒன்று எனச் சுட்டும் அறிவு ஒன்று உளதாகலின், அச்சொல் வேறாய் நில்லாமையையே உணர்த்தும் என்பது அவர் கருத்து. பதினெட்டாம் நூற்றாண்டில் மாபாடியம் வரைந்த சிவஞான முனிவர் இதனை இலக்கணத்தால் விளக்கினார். முன்னின்ற அகரம் இன்மைப் பொருளது அன்று, அன்மைப் பொருளது. அநேகம் என்பது ஒன்று இல்லை எனப் பொருள்படாது, ஒன்று அன்று, பல எனப் பொருள்படுதல் போல்வது இது. எனவே இறைவன் கலப்பினால் உயிரோடு ஒன்றாயும், பொருள் தன்மையால் வேறாயும், உயிர்க்கு உயிராதலால் உடனாயும் நிற்கின்றான். உடலும் உயிரும், கண்ணும் கதிரவனும், கண்ணொளியும் ஆன்ம அறிவும் இம்மூன்றற்கும் முறையே உவமைகள்.

ஈண்டு நோக்கத்தக்கது நூலின் முடிவு. பரம்பொருளை உணர்ந்தார்க்கும் வழிபாடு ஒழிவதில்லை. மெய்யடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழுக என்று இறுதிச் சூத்திரம் பணிக்கிறது. பாலில் நெய் யாண்டும் கரந்திருப்பினும் தயிரில் விளங்கித் தோன்றுமாறு போல, எங்குமுள்ள இறைமை அவ்விடங்களில் விளங்கும் என்பது சித்தாந்த விளக்கம். அருவம், உருவம், அருவுருவம் ஆகிய மூன்றும் உயிர்கள்பொருட்டு அவன் கொள்ளும் திருமேனிகளே.

ஆதலின், சித்தாந்த நெறியில் ஆலயம் ஏறியபின் விட்டுவிடும் ஏணி அன்று. ஞானி தொழும் இடமும் காவடி சுமப்பவர் தொழும் இடமும் ஒன்றே. புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குச் செல்லும் வழி தத்துவத்திற்குப் புறம்பான வழியன்று.